ஐம்பதைத் தாண்டினால் உதறும் பழைய ஜீப்: முன்சக்கர ஆட்டத்தைத் தேடிப் பிடிக்கும் முழு வழி

வேலூரிலிருந்து அணைக்கட்டு வழியாக ஒடுகத்தூர் போகும்போது ஒரு சின்னப் பாலம் வரும். பாலமும் சாலையும் சேருகிற இடத்தில் தார் அமிழ்ந்து, ஒரு விரல் ஆழத்துக்குப் படி மாதிரி இருக்கும். அதில் இடது முன்சக்கரம் இறங்கி ஏறிய கணத்தில் ஸ்டீயரிங் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. பானட் இடமும் வலமுமாகத் துள்ள, கண்ணாடி, டேஷ்போர்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி எல்லாமே உதறின. முள் 52இல் நின்றது. ஆக்சிலரேட்டரை விட்டு, வண்டி 30க்கு இறங்கிய பிறகுதான் ஆட்டம் நின்றது.

வண்டி அப்பா 1994இல் பழையதாக வாங்கிய மகிந்திரா ஜீப். உயர்ந்த பானட், பட்டை ஸ்பிரிங், 6.00-16 டயர். அதற்குப் பிறகு எட்டு மாதம் பட்டறை பட்டறையாக அலைந்தேன். ஓர் இடத்தில் டை ராட் எண்ட் (ஸ்டீயரிங் கம்பியின் முனையில் இருக்கும் உருண்டை மூட்டு) நான்கையும் மாற்றினார்கள். இன்னோர் இடத்தில் சக்கரம் பேலன்ஸ் செய்தார்கள். மூன்றாவது இடத்தில் உதறலை அடக்க ஸ்டீயரிங் டேம்பர் என்ற ஷாக் அப்சார்பர் மாட்டினார்கள். டேம்பர் போட்ட பிறகு இரண்டு மாதம் நன்றாக ஓடியது, பிறகு ஆட்டம் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்ப வந்தது. கடைசியில் ஒரு வயதான பாய் வண்டியின் கீழே படுத்து, பத்து நிமிடம் ஒன்றும் பேசாமல் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "இன்னா தம்பி, ஆட்டத்த புடிக்காம ஆட்டத்துக்குப் போர்வ போத்தி வச்சிருக்கீங்க" என்றார். அவரிடம் கற்றதையும், பிறகு நானே இரண்டு நண்பர்களின் ஜீப்பில் செய்து பார்த்ததையும் வரிசையாக எழுதுகிறேன். வரிசைதான் இதில் முக்கியம். பாகம் வாங்குவது கடைசி வேலை.

ஏன் ஆடுகிறது

புதிய கார்களில் முன்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறி இறங்கும். பழைய ஜீப்பில் இரண்டும் ஒரே இரும்பு ஆக்சிலில் கட்டப்பட்டவை. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் ஆக்சில் முழுதும் சாய்கிறது. சுழன்றுகொண்டிருக்கும் பம்பரத்தைச் சாய்க்கப் பார்த்தால் அது வேறு பக்கம் திரும்பும் அல்லவா? அதேபோல் சுழலும் சக்கரமும் ஆக்சில் சாயும்போது இடமோ வலமோ திரும்பப் பார்க்கும். இணைப்புகள் எல்லாம் இறுக்கமாக இருந்தால் அந்தத் திரும்பல் அங்கேயே அடங்கிவிடும். எங்கோ ஓர் இடத்தில் பிளே, அதாவது தளர்ந்த மூட்டின் இடைவெளி, இருந்தால் சக்கரம் திரும்பும், டயரின் பக்கச்சுவர் அதைத் திருப்பி உதைக்கும், மறுபடி திரும்பும். 6.00-16 டயர் மணிக்கு 55 கிலோமீட்டரில் நொடிக்கு ஏறக்குறைய 7 சுற்று சுற்றுகிறது. இந்தத் தாளமும் ஆக்சிலின் சொந்த ஆட்டத் தாளமும் பொருந்திவிட்டால், சரியான நேரத்தில் தள்ளிவிடும் ஊஞ்சல் மாதிரி ஆட்டம் தானே வளரும். அதனால்தான் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வருகிறது, வேகம் குறைந்தால் நின்றுவிடுகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெளிவாகிறது. முதலாவது, ஆட்டத்தைத் தொடங்கி வைப்பது ஒன்று, வளரவிடுவது வேறொன்று. டயர், ரிம், குழி ஆகியவை தொடங்கி வைக்கும். பிளே வளரவிடும். இரண்டாவது, நான்கு இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் பிளே இருந்தாலும் போதும். ஒரே ஒரு குற்றவாளியைத் தேடினால் ஏமாறுவீர்கள்.

சாலையில் வந்துவிட்டால்

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், உயிர் விஷயம். ஆட்டம் பிடித்ததும் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. முன்பக்கம் எடை சாய்ந்து ஆட்டம் கூடும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, வேகம் தானாகக் குறையும்வரை நேராக வைத்திருங்கள். கட்டைவிரல் ஸ்டீயரிங் வளையத்தின் உள்பக்கம் ஆரங்களுக்கு இடையில் இருக்க வேண்டாம். உதறும்போது ஆரம் கட்டைவிரலில் அடித்தால் எலும்பு முறியும். மலையில் கல்லும் குழியுமான பாதையில் ஓட்டும்போதும் இதே பழக்கம்தான் நல்லது.

ஆட்டம் உள்ள வண்டியைச் சரிசெய்யும்வரை சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏற்றாதீர்கள். பின்னால் வரும் லாரிக்கு உங்கள் ஜீப் திடீரென்று 30க்கு இறங்கும் என்று தெரியாது.

கருவிகள், சோதனைப் பாதை

இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட், சக்கரத்துக்குப் போட இரண்டு கட்டை, மூன்றடி நீள லிவர், காற்று அளவி, சாக்கட்டி, நல்ல டேப், மீன் கடையில் பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று, கிரீஸ் கன், நோட்டு, பேனா. ஸ்பேனர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: பழைய ஜீப்பின் பல நட்டுகள் இன்ச் அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு மூலையை உருட்டிவிட்டால் ஒரு மணி நேர வேலை ஒரு நாள் ஆகிவிடும். பல பழைய ஜீப்புகளில் இடது பக்க வீல் நட்டு இடது மரை, அதாவது எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். தெரியாமல் குழாய் மாட்டி இழுத்து ஸ்டட்டை ஒடித்தவர்களை எனக்குத் தெரியும்.

உதவிக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். பாதி சோதனைகளை ஒற்றை ஆளாகச் செய்யவே முடியாது.

பிறகு ஒரு சோதனைப் பாதை. எப்போதும் அதே சாலை, அதே குழி, அதே வேகம். நான் அமிர்தி போகும் சாலையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு, காலை ஆறு மணிக்கு ஆள் நடமாட்டம் பார்த்து ஓட்டினேன். ஒரு வேலை, ஒரு ஓட்டம், நோட்டில் ஒரு வரி. இரண்டு வேலையை ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும். எட்டு மாதம் நான் இழந்தது இதனால்தான்.

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவை

குழியில் விழுந்தால்தான் வருகிறதா, மழமழ சாலையிலும் வருகிறதா? குழியில் விழுந்தால் மட்டும் வருவது பிளே. மழமழ சாலையில் வேகம் ஏற ஏற மெல்லக் கூடி, இன்னும் ஏறினால் குறைவது பேலன்ஸ் அல்லது ரிம் வளைவு. பிரேக் பிடித்தால் மட்டும் வருவது டிரம் பக்கம். ஆட்டமே இல்லாமல் வண்டி சாலையில் இங்கும் அங்கும் அலைகிறது என்றால் அது கேஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) குறைவு அல்லது ஸ்டீயரிங் பெட்டி. இந்த நான்கையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் பலர் பட்டறைக்குப் போகிறார்கள். "ஸ்டீயரிங் ஆடுது" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் அவருக்குப் பழக்கமான பாகத்தை மாற்றுவார், அது அவர் குற்றமும் அல்ல.

டயரும் ரிம்மும்

செலவில்லாத இடத்திலிருந்து ஆரம்பிப்போம். குளிர்ந்த டயரில் காற்றைப் பாருங்கள். இரண்டு முன்டயரும் சமமாக இருக்க வேண்டும். என் வண்டியில் முன்னால் 26 பவுண்டு வைக்கிறேன். ஒன்றில் 20, இன்னொன்றில் 32 என்று இருந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன், சமப்படுத்தியதும் பாதி ஆட்டம் போய்விட்டது.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பழைய ஜீப்புகள் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்பவை. வேலூர் வெயிலில் ரப்பர் கெட்டியாகி, நின்ற இடத்தில் தட்டையாகிவிடும். கட்டை (டயர் தரையில் படும் பகுதியின் வெட்டு) இன்னும் ஆழமாக இருக்கிறதே என்று அதை நம்பக் கூடாது. ரிம்மின் உள்பக்கம் பாருங்கள். பாலாற்று மணலிலோ ஏரிச் சேற்றிலோ இறங்கிய வண்டி என்றால் உள்ளே காய்ந்த சேறு கல்லாகப் பிடித்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய கைப்பிடிச் சேறு ஒரு சக்கரத்தை உதறவைக்கப் போதும்.

பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி, ரிம் ஓரத்துக்கு அருகில் ஓர் ஆணியை அசையாமல் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இடைவெளி எங்கே கூடுகிறது, குறைகிறது என்று தெரியும். 3 மில்லிமீட்டருக்கு மேல் ஆடும் ரிம்மை நான் முன்னால் போடுவதில்லை. வீல் நட்டு ஓட்டைகள் முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தாலும் அந்த ரிம்மை ஒதுக்கிவிட வேண்டும்.

இப்போது முன்சக்கரம் இரண்டையும் பின்னாலும், பின்சக்கரம் இரண்டையும் முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் வரும் வேகம் மாறினால் டயர் பக்கம் விஷயம் இருக்கிறது. ஒன்றும் மாறாவிட்டால் டயரைக் குற்றம் சொல்வதை விட்டுவிட்டுக் கீழே படுங்கள்.

தரையில் நிற்கும்போதே செய்யும் சோதனை

இதுதான் பாய் செய்தது. வண்டி தரையில், சக்கரம் நேராக, இன்ஜின் அணைத்து, கியரில் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை. உதவியாளர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சம் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சக்கரம் திரும்பத் தேவையில்லை, திரும்பத் தொடங்கும் இடம்வரை அசைத்தால் போதும். நீங்கள் கீழே படுத்து, ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரம்வரை ஒவ்வொரு மூட்டின் மேலும் கை வையுங்கள். மூட்டின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து விரல்களால் தொட்டால், ஒன்று நகர்ந்து மற்றொன்று நகராமல் இருக்கும் அந்த நொடி விரலுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர்கூடத் தெரியும்.

பெட்டியில் சேசிஸுடன் சேரும் போல்ட்டுகளில் முதலில் கை வையுங்கள். பெட்டியே அசைந்தால் போல்ட் தளர்வு, அல்லது சேசிஸில் விரிசல். துருவைத் தேய்த்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். போல்ட் ஓட்டையிலிருந்து மயிரிழையாக ஒரு கோடு கிளம்பியிருந்தால் வேறு எந்த வேலையும் வேண்டாம், வெல்டிங் பட்டறைக்குப் போங்கள்.

பிறகு பிட்மன் ஆர்ம் (பெட்டியிலிருந்து வரும் கை), டிராக் லிங்க் (அதிலிருந்து முன்னால் போகும் கம்பி), பெல் கிராங்க். முன்னால் நடுவில் ஓர் ஊசியின் மேல் திரும்பும் அந்த பெல் கிராங்க் பழைய மாடல்களில் பலருக்கு நினைவுக்கே வராத பாகம். அதைக் கையால் பிடித்து மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். லொட லொட என்றால் பேரிங், ஊசி இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பாதி மாற்றுவது வீண். உங்கள் மாடலில் பெல் கிராங்க் இல்லையென்றால் இதைத் தாண்டிப் போங்கள்.

டை ராட் எண்டுகளில் ஒரு நுணுக்கம்: ராட் தன் அச்சில் உருளுவது சாதாரணம், அது பழுது அல்ல. உருண்டை அதன் குழிக்குள் மேலும் கீழும் துள்ளினால்தான் தேய்வு. ராட் உருளுவதைப் பார்த்துவிட்டு நல்ல எண்டை மாற்றச் சொல்வது சகஜம். என் வண்டியில் மாற்றிய நான்கில் மூன்று நல்ல நிலையில் இருந்தவை என்று பின்னால்தான் தெரிந்தது.

சக்கரத்தைத் தூக்கிவிட்டு: வீல் பேரிங்கா, கிங் பின்னா

இங்கேதான் நிதானம் வேண்டும், பழைய ஜீப்புகளின் ஆட்டத்துக்கு அடிக்கடி வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆக்சிலின் கீழ் ஸ்டாண்ட் வைத்து ஒரு முன்சக்கரத்தைத் தூக்குங்கள். கடிகாரத்தில் 12 மணி, 6 மணி இருக்கும் இடங்களில் இரண்டு கையால் டயரைப் பிடித்து மேலே உள்ளே, கீழே வெளியே என்று மாறி மாறி அசையுங்கள். கொஞ்சமாவது டக் என்றால், வீல் பேரிங் ஆகவும் இருக்கலாம், கிங் பின் (சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சு) ஆகவும் இருக்கலாம். இப்போது உதவியாளர் பிரேக்கை அழுத்திப் பிடிக்கட்டும். பிரேக் ஷூ டிரம்மைப் பிடித்துக்கொள்வதால் வீல் பேரிங்கின் பிளே மறைந்துவிடும். அப்போதும் அசைந்தால் அது கிங் பின். பிரேக் அழுத்தியதும் அசைவு போய்விட்டால் வீல் பேரிங். இந்த ஒரு சோதனையை எட்டு மாதத்தில் எந்தப் பட்டறையிலும் யாரும் செய்யவில்லை.

3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து அசைத்தால் தெரிவது டை ராட் பக்கத்து பிளே. இரண்டையும் கலக்கக் கூடாது.

வீல் பேரிங் சரிசெய்வது எளிது. ஹப் மூடியையும் முன் ஃபிளாஞ்சையும் கழற்றினால் உள்ளே இரண்டு பெரிய நட்டு, நடுவில் மடிக்கும் வாஷர். வெளி நட்டை எடுத்து, உள் நட்டைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்குங்கள். சக்கரம் கனமாகச் சுற்றும் நிலை வந்ததும் ஆறில் ஒரு சுற்று, அதாவது நட்டின் ஒரு பட்டை அளவு பின்னால் விடுங்கள். புது வாஷர், வெளி நட்டு, பிறகு வாஷரின் ஓரத்தை மடித்துவிடுங்கள். உளியும் சுத்தியும் வைத்து நட்டைத் தட்டித் திருப்புவது இங்கே பழக்கமாகிவிட்டது. அதற்கென்று பாக்ஸ் ஸ்பேனர் இருக்கிறது, ஒரு தடவை வாங்கினால் ஆயுளுக்கும் வரும்.

கிங் பின் வேலை அதைவிடப் பெரியது. பழைய ஜீப்பில் ஆக்சிலின் முனையில் ஓர் உருண்டை இருக்கும். அதன் மேலும் கீழும் கூம்பு பேரிங், அதைக் கவ்வியபடி நக்கிள், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் பாகம். மேல் மூடியின் அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும், பல மாடல்களில் கீழ் மூடியிலும் இருக்கும். 3, 5, 10, 30 தௌ (ஒரு தௌ என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் வருபவை. இந்தத் தகடுகள்தான் பேரிங் எவ்வளவு இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. பேரிங் தேயத் தேய அந்த இறுக்கம் போய்விடும். நக்கிள் திரும்பும்போது இருக்க வேண்டிய மிதமான பிடிப்பு போய், சக்கரம் காற்றாடி மாதிரி லேசாகத் திரும்பும். அந்தப் பிடிப்புதான் ஆட்டத்தை இயல்பாகவே அடக்குகிற டேம்பர். வெளியே மாட்டிய டேம்பர் அதன் இடத்துக்கு வர முடியாது.

சோதிக்கும் முறை: டை ராடை நக்கிளிலிருந்து கழற்றுங்கள். எண்டின் தலையில் நேராகச் சுத்தியால் அடிக்காதீர்கள், மரை கெட்டுவிடும். நக்கிள் ஆர்மின் கண்ணைப் பக்கவாட்டில் இரண்டு அடி அடித்தால் தானாக இறங்கும். உருண்டையைச் சுற்றியுள்ள சீலையும் தளர்த்திவிடுங்கள், இல்லையென்றால் சீலின் உரசல் பேரிங்கின் பிடிப்பு மாதிரி ஏமாற்றும். இப்போது நக்கிளைக் கையால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். ஒரே சீரான கனம் இருக்க வேண்டும். நேராக நிற்கும் இடத்தில் மட்டும் ஒரு குழியில் விழுகிற மாதிரி தட்டினால், பேரிங் உருளைகள் கப்பில், அதாவது பேரிங்கின் வெளி வளையத்தில், பள்ளம் பறித்திருக்கின்றன. வண்டி ஓடுவது பெரும்பாலும் நேராகத்தானே, அதனால் ஒரே இடத்தில் அடி வாங்கி அங்கேயே பள்ளம். இந்த நிலையில் ஷிம் எடுத்து இறுக்குவதால் பயனில்லை. நேராக இருக்கும்போது சரியாகவும், திருப்பினால் ஸ்டீயரிங் சிக்கிக்கொண்டும் இருக்கும், அது இன்னும் ஆபத்து.

என் ஜீப்பில் இடது கீழ் பேரிங்கில் நடந்தது இதுதான். திறந்தபோது கிரீஸுக்குப் பதிலாகச் செம்மண் நிறத்தில் ஒரு குழம்பு இருந்தது. சீல் கிழிந்து, எங்கோ ஓடையில் இறங்கியபோது தண்ணீர் போயிருக்கிறது. கப்பில் உருளைகளின் தடம் வரிசையாக, விரல் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளமாக இருந்தது. அதற்கும் மேல், பழைய பட்டறை எதிலோ மேல் ஷிம் முழுவதையும் எடுத்து வீசிவிட்டிருந்தார்கள், இறுக்கமாக இருக்கட்டும் என்று.

பள்ளம் விழுந்திருந்தால் கப்பும் கோனும் (உருளைகள் உள்ள உள் பாகம்) சேர்த்து மாற்ற வேண்டும். மேல் கீழ் இரண்டும், முடிந்தால் இரண்டு பக்கமும். பழைய கப்பைப் பித்தளைத் துண்டு வைத்து உள்ளிருந்து சுற்றிச் சுற்றித் தட்டி வெளியே எடுங்கள். புதியதை நேராக, ஒரு பக்கம் சாயாமல் உட்கார வையுங்கள். தட்டும் ஓசை மாறி டிங் என்று கெட்டியானால் உட்கார்ந்துவிட்டது. ஷிம் போடும்போது மேலும் கீழும் ஏறக்குறைய சமமாகப் பிரியுங்கள். ஒரே பக்கம் எல்லாவற்றையும் போட்டால் நக்கிள் ஏறியோ இறங்கியோ நின்று, உள்ளே இருக்கும் ஆக்சில் ஜாயிண்ட் மையம் தப்பிவிடும்.

பிடிப்பை அளக்கக் கொக்கித் தராசை டை ராட் ஓட்டையில் மாட்டி, ஆர்முக்குச் செங்குத்தாக இழுங்கள். நக்கிள் நகரத் தொடங்கும்போது அல்ல, சீராக நகர்ந்துகொண்டிருக்கும்போது காட்டும் எண்ணைப் பாருங்கள். உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள அளவுக்கு வரும்வரை ஷிம்மைக் கூட்டிக் குறையுங்கள். ஷிம் எடுத்தால் இறுகும், சேர்த்தால் தளரும். இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்ட வேண்டும். மூன்று நான்கு தடவை கழற்றி மாட்ட வேண்டி வரும், சலித்துக்கொள்ளாதீர்கள். இந்த ஒரு வேலையைப் பொறுமையாகச் செய்தவருக்குப் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது.

கடைசியாகப் புது சீல். பழைய சீலைக் கழுவி மாட்டினால் அடுத்த ஓடையில் மறுபடி தண்ணீர் போகும்.

பட்டை, புஷ், யூ போல்ட்

ஆக்சிலைப் பிடித்து நிறுத்துவது பட்டை ஸ்பிரிங்தான். ஷாக்கிள் (பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் தொங்கு இணைப்பு) புஷ் தேய்ந்தால் ஆக்சிலே பக்கவாட்டில் நடக்கும். லிவரை ஷாக்கிளுக்கும் சேசிஸுக்கும் நடுவில் கொடுத்து நெம்பிப் பாருங்கள். ரப்பர் புஷ் இருக்கும் வண்டியில் வெயிலுக்கு ரப்பர் வெடித்து வெறும் இரும்பு தெரியும். பழைய மரை ஷாக்கிள் உள்ள வண்டியில் கிரீஸ் ஏறாமல் மரை தேய்ந்திருக்கும். அந்த ஷாக்கிள்களில் சில இடது மரை, பார்க்காமல் முறுக்காதீர்கள்.

பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். ஒரு சுற்று போனால் அவை வெகுநாளாகத் தளர்ந்திருக்கின்றன என்று பொருள். அப்படித் தளர்ந்திருந்தால் பட்டையின் நடு போல்ட் அறுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அறுந்தால் ஆக்சில் ஒரு பக்கம் முன்னோ பின்னோ நகர்ந்துவிடும். பின் ஆக்சிலிலிருந்து முன் ஆக்சில்வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்தால் தெரிந்துவிடும்.

கேஸ்டர், டோ-இன்

பிளே எல்லாம் போன பிறகுதான் கோணத்தைத் தொட வேண்டும். தளர்ந்த மூட்டை வைத்துக்கொண்டு எடுத்த அளவு அடுத்த குழியில் மாறிவிடும்.

வில்லிஸ் வழி வந்த ஜீப்புகளுக்குக் கேஸ்டர் 3 டிகிரி, கேம்பர் (சக்கரத்தின் தலை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம்) ஒன்றரை டிகிரி, டோ-இன் (இரண்டு முன்சக்கரமும் முன்பக்கம் உள்நோக்கி நெருங்கியிருக்கும் அளவு) 3/64 முதல் 3/32 இன்ச், அதாவது 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர். கேம்பர் ஆக்சிலோடு பிறந்தது, வளைந்திருந்தாலொழிய மாறாது. கேஸ்டர் என்பது கிங் பின்னின் தலை பின்னால் சாய்ந்திருக்கும் அளவு. பட்டை தொய்ந்தாலும், வண்டியைத் தூக்க நீள ஷாக்கிள் போட்டாலும் அது மாறும். மலைப் பாதைக்கென்று பின்பக்கமோ முன்பக்கமோ மட்டும் உயர்த்திய வண்டிகளில் ஆட்டம் வருவதற்கு இது ஒரு காரணம். கேஸ்டர் கூட இருந்தால் நல்லது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். குறைந்தால் வண்டி அலையும், அளவுக்கு மீறினால் அதுவே ஆட்டத்தை வளர்க்கும். சமதரையில் நிறுத்தி, நக்கிளின் மேல் மூடி மேல் போனை முன்பின்னாக வைத்து, கோணம் காட்டும் செயலியில் பாருங்கள். இடமும் வலமும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கிறதா என்று தெரிய இது போதும். திருத்த வேண்டுமென்றால் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்புத் தகடு. எந்தப் பக்கம் கனம் வர வேண்டும் என்று யோசித்துக் குழம்ப வேண்டாம். போட்டு, இறுக்கி, மறுபடி அளந்து, கிங் பின் தலை பின்னால் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

டோ-இன் வீட்டிலேயே பார்க்கலாம். சக்கரத்தைத் தூக்கி, கட்டை நடுவில் சாக்கட்டி பூசி, ஆணியை நிறுத்தி வைத்துச் சுற்றினால் மெல்லிய கோடு விழும். இரண்டு சக்கரத்திலும் கோடு போட்டு, வண்டியை இறக்கி, முன்னால் ஐந்தாறு அடி உருட்டுங்கள். பின்னால் தள்ளக் கூடாது. பிறகு ஹப் உயரத்தில் முன்பக்கக் கோடுகளுக்கு இடையே ஓர் அளவு, பின்பக்கம் ஓர் அளவு. முன்பக்கம் 1.2 முதல் 2.4 மில்லிமீட்டருக்குள் குறைவாக இருக்க வேண்டும். டேப்பில் ஏறக்குறைய இரண்டு கோடு. ராடின் கிளாம்ப்பைத் தளர்த்தித் திருப்பிச் சரிசெய்து, கிளாம்ப்பை மறக்காமல் இறுக்குங்கள். டை ராட் எண்ட் மாற்றியவர்கள் இந்த அளவைப் பார்க்காமல் அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது. என் வண்டியில் 9 மில்லிமீட்டர் இருந்தது.

ஸ்டீயரிங் பெட்டி

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மேலே உள்ள ஸ்க்ரூவை ஒரு சுற்று இறுக்கினால் கையில் தெரியும் பிளே உடனே குறையும், சரியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் முன்சக்கர ஆட்டத்துக்குப் பெட்டி காரணமாவது அரிது. சரிசெய்யும்போது சக்கரம் நேராக இருக்கட்டும், டிராக் லிங்க் கழன்றிருக்கட்டும். நடுவில் மெல்லிய பிடிப்பு மட்டும் தெரியும் அளவுக்குப் போதும். இறுக்கமாகிவிட்டால் வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவிலும் அதைக் கையால் இழுத்துத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

டேம்பர் போடலாமா? போடலாம், எல்லாம் சரியான பிறகு, கல் பாதையில் கைக்கு வரும் அடியைக் குறைக்க. அதைக் கழற்றிவிட்டு ஓட்டினாலும் ஆட்டம் வரக் கூடாது. சோதனை ஓட்டம் முழுவதையும் டேம்பர் இல்லாமல்தான் செய்ய வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது, பிறகு

முதல் ஓட்டம் 30, அடுத்தது 40, பிறகு 50. ஒவ்வொன்றிலும் அதே குழி. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்காமல், விரல்களால் தாங்கினாற்போல் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்தால் உங்கள் கையே டேம்பர் ஆகிவிடும். ஒரு குலுக்கல் வந்து உடனே அடங்கினால் சரி. இரண்டாவது, மூன்றாவது என்று தொடர்ந்தால் இன்னும் எங்கோ பிளே இருக்கிறது, மறுபடி தரைச் சோதனையிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் வீல் பேரிங் இறுக்கம் கூடிவிட்டது.

பேரிங், சீல், இரண்டு பக்க ஷிம், ஒரு டை ராட் எண்ட், டோ-இன் எல்லாம் முடித்து அந்த ஒடுகத்தூர்ப் பாலத்தில் 55இல் இறங்கினேன். ஒரு டக், அவ்வளவுதான். தம்பி பக்கத்தில் இருந்தான், "அண்ணா, இன்னொரு வாட்டி போலாமா" என்றான். மூன்று தடவை போனோம்.

500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட், டை ராட் கிளாம்ப், மூடி போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். புது கப் இன்னும் கொஞ்சம் உள்ளே உட்கார்ந்திருக்கலாம், அதனால் 12 மணி–6 மணி சோதனையைப் பிரேக் அழுத்தியும் அழுத்தாமலும் இன்னொரு முறை செய்யுங்கள். தட்டினால் ஒரு மெல்லிய ஷிம் எடுக்க வேண்டியிருக்கும். ஜவ்வாது மலைப் பக்கமோ பீஞ்சமந்தைப் பாதையிலோ மழைக்காலத்தில் ஓடைகளைக் கடந்துவிட்டு வந்தால், அன்றிரவே ஒவ்வொரு நிப்பிளிலும் பழைய கிரீஸ் வெளியே தள்ளப்பட்டுப் புதியது தெரியும்வரை கிரீஸ் அடித்துவிடுங்கள்.